ஆபரேஷனுக்குப் பின் வரும் குளிர் - ஒரு போர்வையின் வரலாறு

ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டு வரப்படும் நோயாளிகள் சிலர் கிடுகிடுவென்று நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "தியேட்டரில் ஏசி அதிகம், அதான்" என்று சொல்லிவிடுவோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய 150 வருடங்கள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. நம் உடலின் உள் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். ஆபரேஷன் சமயத்தில் அது 36-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா, அதாவது உடல் வெப்பக் குறைவு என்கிறார்கள். சாதாரணமாகக் குளிரெடுத்தால் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூட்டை உள்ளேயே காப்பாற்றும். மயக்க மருந்து இந்தக் காவலைத் தளர்த்திவிடுகிறது. குழாய்கள் விரிய, உள்ளே இருந்த சூடு கை கால்களுக்குப் பாய்கிறது. அதனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே உள் வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை இறங்கிவிடும். ஏசி, திறந்த வயிறு, சூடாக்காத சலைன் எல்லாம் அதற்கு மேல்தான்!

1846 அக்டோபர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து, வலியில்லாத ஆபரேஷனை எல்லோர் முன்னாலும் நடத்திக் காட்டினார். வலி தூங்கியது, கூடவே உடலின் வெப்பக் காவலும் தூங்கியது. ஆனால் அதை அளக்க வழி? அந்தக் காலத்துத் தெர்மாமீட்டர் ஓர் அடி நீளம், அளவு காட்ட 20 நிமிடம்! இங்கிலாந்தின் ஆல்பட் 1860-களில் 6 அங்குலத் தெர்மாமீட்டரைக் கொண்டு வந்த பிறகுதான் 5 நிமிடத்தில் அளக்க முடிந்தது. அதுவும் பெரும்பாலும் காய்ச்சலைத் தேடவே பயன்பட்டது. குளிர்ந்து போனவரைத் தேடுவார் இல்லை.

தேடியவர் ஒருவர் உண்டு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். செவிலியர் பணி பற்றி 1859-ல் எழுதிய நூலில், பலவீனமான நோயாளியின் கால்களை அடிக்கடி தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். விடியற்காலையில்தான் உடல் அதிகம் குளிரும் என்று எச்சரிக்கிறார். வெந்நீர்ப் புட்டி, சூடான கம்பளித் துணி, சூடாகக் குடிக்க ஏதாவது... இவைதான் அவர் சொன்ன மருந்துகள். கையால் தொட்டு அறிந்த அறிவு அது. ஆனால் மயக்கத்தில் இருப்பவருக்கு வெந்நீர்ப் புட்டி ஆபத்தும்கூட. சுட்டாலும் "சுடுகிறது" என்று அவரால் சொல்ல முடியாதே!

நடுவில் ஒரு திருப்பம். 1952 செப்டம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் என்ற சர்ஜன், 5 வயதுச் சிறுமியின் உடலை 28 டிகிரி அளவுக்குக் குளிர வைத்து, இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைத்தார். உடல் குளிர்ந்தால் ஆக்ஸிஜன் தேவை குறையும் என்பதுதான் இதன் சூட்சுமம். எதிரியாக இருந்த குளிர் இங்கே நண்பனானது. ஆனால் அது திட்டமிட்டு, அளந்து கொடுத்த குளிர். தானாக வரும் குளிர் வேறு.

அதே மினசோட்டாவில் 1980-களின் இறுதியில் ஸ்காட் அகஸ்டின் என்ற மயக்க மருந்து நிபுணர், சூடான காற்றை ஊதும் காகிதம் போன்ற லேசான போர்வையை உருவாக்கினார். வெந்நீர்ப் புட்டிக்கு ஒரு நல்ல மாற்று கிடைத்தது. ஆனாலும் 'நோயாளிக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதானே?' என்ற கேள்வி இருந்தது.

அதற்குப் பதில் 1996-ல் வந்தது. கர்ஸ், செஸ்லர், லென்ஹார்ட் மூவரும் ஆஸ்திரியாவில் குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரை ஆராய்ந்தார்கள். ஒரு குழுவைச் சூடாக வைத்தார்கள். இன்னொன்றுக்கு அன்றைய வழக்கமான கவனிப்பு. சூடாக இருந்தவர்களில் 6 சதவீதம் பேருக்குப் புண்ணில் கிருமித் தொற்று. குளிர்ந்தவர்களில் 19 சதவீதம்! இரு குழுக்களுக்கும் இருந்த வித்தியாசம் இரண்டு டிகிரிக்கும் குறைவு. காரணம் எளிது. குளிரில் தோலுக்கு ரத்தம் குறைகிறது, ஆக்ஸிஜன் குறைகிறது, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் சோர்ந்து போகின்றன. இதய நோய் அபாயம் உள்ளவர்களைக் குளிர விட்டால் மாரடைப்பு போன்ற சிக்கல்கள் அதிகமாகின்றன என்று 1997-ல் இன்னொரு ஆய்வு காட்டியது.

2008-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதையெல்லாம் விதிமுறை ஆக்கியது. செவிலியர் வேலை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குகிறது. வெப்பம் 36-க்குக் கீழே இருந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில், மயக்கமே கொடுக்கக் கூடாது. முடிந்த பின் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். குறைந்தால் சூடான காற்றுப் போர்வை. 36 வந்த பிறகே வார்டுக்கு அனுப்ப வேண்டும். ஈரத் துணியை மாற்றுவது, தலையை மூடுவது, நடுக்கத்தைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் கையில்தான். நடுக்கம் சாதாரண விஷயமல்ல. அது ஆக்ஸிஜன் தேவையைக் கூட்டி இதயத்துக்குச் சுமையாகிறது.

கதை இங்கே முடியவில்லை. 2022-ல் 5000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், 35.5 டிகிரியில் வைத்தவர்களுக்கும் 37-ல் வைத்தவர்களுக்கும் இதயச் சிக்கல், தொற்று இரண்டிலுமே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? 1996 ஆய்வின் அதே செஸ்லர்! தன் பழைய முடிவையே மறுபடி சோதித்துப் பார்க்கும் துணிச்சல்தான் அறிவியல். அதற்காகப் போர்வை வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அந்த ஆய்வில் குளிர்ந்த பக்கத்தவரைக்கூட 35.5 என்ற அளவில் அளந்து நிறுத்தி வைத்தார்கள். 1996-ன் குளிர்ந்த குழுவோ சராசரியாக 34.7 வரை இறங்கியிருந்தது.

கத்தி வைத்த சர்ஜனின் பெயரை எல்லோரும் கேட்டு வைத்துக்கொள்கிறோம். விடியற்காலையில் வந்து காலைத் தொட்டுப் பார்த்து, போர்வையை இழுத்து விட்டுப் போன சிஸ்டரின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. தையல் நல்லபடியாக ஆறியதில் அவருக்கும் பங்கு உண்டு.