தண்ணி ஒரு பக்கம், ரோடு ஒரு பக்கம்

கொல்லிமலையின் உயரத் தரவுகளை மேப்பில் போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன் (ஆபீஸ் வேலை முடிஞ்ச பிறகுதான்!). ஒண்ணு பளிச்சென்று தெரிந்தது. மலைமேல் பிறக்கும் அய்யாறு, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஆகாயகங்கையாக விழுந்து, கிழக்கு அடிவாரத்துப் புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. நாமக்கல்லிலிருந்து போகும் ரோடோ மேற்கே, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகிறது.

வல்வில் ஓரியைக் காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த கதையை எல்லாரும் எழுதிட்டாங்க, விடுங்க. எனக்கு முக்கியமாகப் படுவது சாப்பாடு.

வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடு நாடாக வாழும் மலையாளிப் பழங்குடிகள் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தவர்கள். அதை வருஷக்கணக்கில் வீட்டிலேயே வைத்துச் சாப்பிடலாம், ரோடு தேவையில்லை. குச்சிக்கிழங்கு அப்படியில்ல. பிடுங்கின சில நாளில் கெட ஆரம்பிக்கும், உடனே கீழே சேகோ ஆலைக்குப் போயாகணும். ரோடும் ஆலையும் இருந்ததால் சாமைக் காடுகள் பல கிழங்குக் காடுகள் ஆயின.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களைக் காக்கும் வேலையில் இறங்கியது. விதையோடு நிற்காமல், உமி நீக்கும் சிறு மில்களையும் ஊர்களில் வைத்தார்கள். சாமையை உரலில் குத்தின பெண்களைக் கேட்டால், ஏன் என்று சொல்வார்கள்.