கம்பவுண்டரிடம் கேளுங்கள்

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளில், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டை அப்பா என்னிடம்தான் வாசிக்கக் கொடுப்பார். அதில் 'பொசொலோழி' என்று ஒரு தலைப்பு இருக்கும். எவ்வளவு, எத்தனை வேளை என்று அதன் கீழே போட்டிருக்கும். பிறகு மத்திய அரசு குமாஸ்தாவாக இராமநாதபுரம் வந்து, இங்கேயே ஓய்வும் பெற்று, அந்தச் சொல்லை மறந்தே போனேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு அது நினைவுக்கு வந்தது. என் மனைவிக்குச் சர்க்கரை நோய். இரண்டு டாக்டர்கள் எழுதிய மாத்திரைகளையும் சேர்த்தே சாப்பிட்டுவந்தாள். அட்டையில் பெயர் வேறு வேறு. உள்ளே இருந்தது ஒரே கிளிமெபிரைடு. விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்தாள். இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் எவருமில்லை. ஆயுளெல்லாம் ஃபைல் பார்த்த நானும் பார்க்கவில்லை.

இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு என்று பிறகுதான் அறிந்தேன். 1962-ல், காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே வருடம், அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் முதல் மருந்துத் தகவல் மையம் தொடங்கியது. நடத்தியவர்கள் மருந்தாளுநர்கள், நாம் கம்பவுண்டர் என்போமே, அவர்கள்தான். 1997-ல் கர்நாடக மாநில பார்மசி கவுன்சில் பெங்களூரில் ஒரு மையம் திறந்தது. நம் ஊட்டியில் ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரியினர் அரசு மருத்துவமனையிலேயே இருந்து இப்பணியைச் செய்கிறார்கள்.

வேலை எளிது. டாக்டரோ நர்ஸோ நோயாளியோ கேள்வி கேட்பார். வயது என்ன, சிறுநீரகம் எப்படி, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரித்து, நூல்களைப் பார்த்துப் பதில் சொல்லி, அதைப் பதிந்தும் வைப்பார்கள். டாக்டருக்குப் போட்டி அல்ல, துணை.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் பிறந்தபின், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஒழுங்காக வந்து சேர்ந்தது. அது பெரிய சாதனை. ஆனால் மருந்தைப் பற்றிய தகவல் அதே வேகத்தில் நம் கடற்கரைக்கு வரவில்லை.

மருந்தால் தீங்கு நேர்ந்தால் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில், "தம்பி, இதில் ஒரே மருந்து இரண்டு இருக்கிறதா?" என்று கேளுங்கள். பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை.