சூரியப் புயலின் காரணம்: ஒளிக்கணக்கும் காந்தத் திசையும்

1972 ஆகஸ்ட் 4ஆம் நாள் சூரியனிலிருந்து கிளம்பிய பிளாஸ்மாத் திரள் ஒன்று 14.6 மணி நேரத்தில் பூமியை எட்டியது. பதிவானவற்றில் அதைவிட விரைந்து வந்தது வேறில்லை. வேகமே அளவுகோல் என்றால் அந்த நூற்றாண்டின் பெரும்புயல் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் புவிகாந்தப்புலம் எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் காட்டும் டிஎஸ்டி குறியெண் −125 நானோடெஸ்லாவோடு நின்றுவிட்டது. 1989 மார்ச் 13 புயலில் அதே குறியெண் −589 வரை இறங்கியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர்.

இந்த முரணைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. சூரியப் புயல் என்றதும் சூரியப் பரப்பில் தெரிந்த சுடர்வெடிப்பைச் சுட்டி, அது ஒளிர்வில் உச்சமான எக்ஸ் வகுப்பா, அதற்கு அடுத்த எம் வகுப்பா என்று கேட்பது நாளிதழ்களின் வழக்கமாகிவிட்டது. பாடநூல்களும் அதிலிருந்து முற்றாக விலகவில்லை. ஒளியின் அளவைக் கொண்டு புயலின் கடுமையைக் கணிப்பது தவறான வழி. பூமிக்கு வந்து சேரும் காந்தப்புலம் எத்திசை நோக்கி நிற்கிறது என்பதே முதன்மைக் காரணி என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒளிக்கணக்குக்கு மதிப்பான பிறப்பிடம் உண்டு. 1859 செப்டம்பர் 1 முற்பகலில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் கரும்புள்ளிக் கூட்டம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். அதன்மேல் இரு வெண்சுடர்கள் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தன. ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் வேறோர் இடத்திலிருந்து அதையே கண்டார். 17 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் உலகெங்கும் காந்த ஊசிகள் நிலைகுலைந்தன. பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் கிடைமட்டக் காந்தப்புலம் ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா சரிந்தது. ஒரே ஒரு நிகழ்வை வைத்து இரண்டையும் முடிச்சுப் போடக் காரிங்டன் தயங்கினார். பின்வந்தவர்களுக்கு அந்த நிதானம் இருக்கவில்லை.

கெல்வின் பிரபுவோ மறு எல்லைக்குப் போனார். ராயல் சொசைட்டியின் தலைவராக 1892இல் ஆற்றிய உரையில், 1885 ஜூன் 25 புயலைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார். அது சூரியனின் வேலை என்றால், நான்கு மாத காலம் ஒளியும் வெப்பமும் தரச் செலவாகும் ஆற்றலை எட்டே மணி நேரத்தில் சூரியன் செலவிட்டிருக்க வேண்டும். ஆகவே தொடர்பு இருக்க முடியாது என்றார். அவரை இடறியது கூட்டலும் பெருக்கலும் அல்ல. காந்த விளைவு எல்லாத் திசைகளிலும் அலையாகப் பரவும் என்று முதலில் வைத்துக்கொண்ட அனுமானம். 1904இல் எட்வர்ட் மாண்டர், புயல்கள் சுமார் 27 நாள்களுக்கு ஒருமுறை, அதாவது பூமியிலிருந்து பார்க்கச் சூரியன் ஒரு சுற்றுச் சுற்றும் காலத்தில், திரும்ப வருவதைக் காட்டினார். விளைவு குறுகிய தாரையாக வருகிறது என்பது அப்போது புலப்பட்டது. தாரையில் வருவது எது என்ற கேள்வி எஞ்சியது.

விடைக்குச் சூரியனின் காந்தத்தைப் பார்க்க வேண்டும். கரும்புள்ளிகள் வலிய காந்தப்புலங்கள் என்பதை 1908இல் ஜார்ஜ் ஹேல் நிறுவினார். சூரியன் திடப்பொருள் அல்ல. நடுக்கோடு ஏறத்தாழ 25 நாளிலும் துருவங்களை ஒட்டிய பகுதி 35 நாளிலும் சுற்றுகின்றன. இந்த வேறுபாடு உள்ளே புதைந்த காந்தப்புலக் கோடுகளை இழுத்து முறுக்குகிறது. முறுக்கேறியவை பரப்பைக் கிழித்துச் சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவுக்குள் எழுகின்றன. அங்கே சேர்ந்த ஆற்றல் தாங்கும் எல்லையைத் தாண்டும்போது எதிரெதிர்க் கோடுகள் அறுந்து வேறு வகையில் இணைகின்றன. விடுபட்ட ஆற்றலில் ஒரு பங்கு சுடர்வெடிப்பாக ஒளிர்கிறது. இன்னொரு பங்கு, 100 கோடி டன் அளவுக்குப் பிளாஸ்மாவைத் தன் காந்தப்புலத்தோடு வெளியே வீசுகிறது. இதுவே கரோனா நிறை உமிழ்வு. முன்னது பின்னதைப் பெறவில்லை. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், சில வேளை ஒன்று மட்டுமே பிறக்கிறது.

2014 அக்டோபரில் இது கண்முன் நிகழ்ந்தது. 12192 என்று எண்ணிடப்பட்ட கரும்புள்ளிக் கூட்டம் 1990க்குப் பின் கண்ட மிகப்பெரியது. பூமியை நோக்கியபடி ஆறு எக்ஸ் வகுப்புச் சுடர்களை வெடித்தது. அவற்றில் ஒன்றோடும் நிறை உமிழ்வு வரவில்லை, பெரும்புயலும் எழவில்லை. ஜான் காஸ்லிங் 1993லேயே, சுடர்வெடிப்பே புயலின் தாய் என்பதைக் கட்டுக்கதை என்று தலைப்பிலேயே சொல்லி ஆய்வுரை எழுதினார். அந்தச் சொல் பலரைச் சீண்டியது. பெரும்புயல்களுக்கு முன் பெரும்பாலும் பெரும் சுடர்கள் தெரிந்திருக்கின்றனவே என்ற மறுப்பு எழுந்தது. அது உண்மைதான். ஆனால் அதிகம் முறுக்கேறிய புலம் இரண்டையும் பெரிதாக ஈனுவதால் வரும் உடன்நிகழ்வு அது, காரணகாரியம் அல்ல.

உமிழ்வு மட்டும் போதுமா என்றால், போதாது. பூமியின் காந்தப்புலம் பகல் பக்கத்து விளிம்பில் வடக்கு நோக்கியது. வருகிற புலம் தெற்கு நோக்கி இருந்தால் இரண்டும் இணைந்து, சூரியக் காற்றின் ஆற்றல் பூமியைச் சூழ்ந்த காந்தக்கோளத்துக்குள் புக வாயில் திறக்கிறது என்பதை ஜேம்ஸ் டங்கி 1961இல் விளக்கினார். புகுந்த ஆற்றல் பூமியைச் சுற்றி வளைய மின்னோட்டத்தை வளர்க்கிறது. அதன் எதிர்ப்புலமே டிஎஸ்டி சரிவாகப் பதிவாகிறது. வருகிற புலம் வடக்கு நோக்கி இருந்தால் வாயில் பெரிதும் அடைபட்டிருக்கும். 1972இல் வந்த அதிவேகத் திரளின் புலம் பெரும்பகுதி வடக்கு நோக்கியே இருந்தது. குறியெண் −125இல் நின்றதன் விளக்கம் அவ்வளவே.

இங்கே என் வாதத்துக்கே ஒரு வரம்பு விதிக்க வேண்டும். அதே நாளில் வட வியட்நாம் கரையோரக் கடலில் அமெரிக்கக் கடற்படை போட்டிருந்த காந்தக் கண்ணிவெடிகள் பல தாமாகவே வெடித்தன. அவற்றைத் தூண்டியது புலம் மாறிய வேகம். அதற்குத் தெற்குத் திசை தேவையில்லை, வந்து மோதிய அதிர்ச்சியலையே போதும். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 38 வீழ்ந்தது சிறு புயலில்தான். தாழ்ந்த சுற்றுப்பாதையில் மேல்வளி சூடாகி அடர்ந்ததே காரணம். ஆகவே டிஎஸ்டி ஒன்றையே கடுமையின் முழு அளவாகக் கொள்ள முடியாது. கொலாபாவின் 1600 நானோடெஸ்லாவிலும் வளைய மின்னோட்டத்தின் பங்கு எவ்வளவு, துருவ ஒளி மண்டல மின்னோட்டங்களின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஓயவில்லை. அந்தச் சரிவும் மீட்சியும் வளைய மின்னோட்டத்துக்கு மிக விரைவானவை என்று கருதுவோர் பக்கமே எனக்குச் சாய்வு.

திசையே முதன்மை என்றால் முன்னறிவிப்பின் சிக்கல் வெளிப்படையாகிறது. ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடும். உமிழ்வின் வேகத்தைக் கரோனா வரைவிகள் சில மணி நேரத்தில் அளந்துவிடும். உள்ளே புதைந்த புலத்தின் திசையைத் தொலைவிலிருந்து காண வழியில்லை. பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல்1 புள்ளியைத் திரள் கடக்கும்போதுதான், 2024 ஜனவரி 6 முதல் அங்கு இயங்கும் ஆதித்யா எல்1 போன்ற விண்கலங்களின் காந்தமானிகள் அதைத் தொட்டறிகின்றன. அதற்குப் பின் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

திரள் புறப்பட்ட இடத்துக் காந்த அமைப்பிலிருந்து திசையை ஊகிக்கும் முயற்சிகள் உண்டு. தனித்து வரும் திரளுக்கு அவை ஓரளவு பொருந்துகின்றன. வழியில் திரள் சுழன்று திரும்பினால் பொய்க்கின்றன. 2024 மே மாதத்தில் 13664ஆம் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய உமிழ்வுகள் வழியிலேயே ஒன்றையொன்று துரத்திப் பிடித்து, நசுக்கி, கலந்து வந்தன. குறியெண் −400க்கும் கீழே போனது. லடாக்கின் ஹான்லே வரை வானம் சிவந்தது. அக்கூட்டம் தன் மிகப்பெரிய சுடரான எக்ஸ் 8.7ஐ வெடித்தது நான்கு நாள் கழித்து, மே 14 அன்று. அதற்குள் அது சூரியனின் மேற்கு விளிம்பை எட்டிவிட்டிருந்ததால் அத்தகைய புயல் எதுவும் பூமியைத் தொடவில்லை.