நட்டுவாக்காலி வளர்ப்பு

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளை தோண்டி வசித்து, ஆறு அங்குலத்துக்கும் மேலாக வளரவல்ல கருந்தேளாகிய நட்டுவாக்காலி, இரையைக் கொடுக்கினும் இடுக்கிகளின் பலத்தாலேயே பெரிதும் அடக்குவதாலும், அதன் விஷம் மனிதருக்குப் பொதுவாகப் பிராணாபாயம் விளைப்பதில்லையாதலாலும், தேள் வளர்ப்போரால் விரும்பப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் வறண்ட செம்மண் வெளிகளில் கல்லைப் புரட்டி அகப்பட்டதையெல்லாம் பெட்டியில் இடுவோர், உருவில் சிறியதாயினும் இருதயத்தையே தாக்கிக் குழந்தைகளைக் கொல்லவல்ல செந்தேளை முதலில் அடையாளம் கண்டு விலக்குதல் அத்தியாவசியம்.

கண்ணாடித் தொட்டியில் அரையடி ஆழத்துக்கு ஈரமண் பரப்பி, ஒதுங்க ஓர் ஓட்டுத்துண்டும் ஆழமற்ற தண்ணீர்த் தட்டும் வைத்து, ஒன்றையொன்று தின்னுமாதலால் தனித்தனியே வளர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, அந்திக்குப்பின், ஒரு கரப்பான் போதுமானது. திட ஆகாரத்தை விழுங்க இயலாத இப்பிராணி, இரையை வாயிடுக்கிகளால் பிசைந்து, ஜீரண நீரைச் சுரந்து, கூழாக்கி உறிஞ்சும். எஞ்சிய சக்கையை மறுநாளே எடுத்துவிடுக. தோலுரிக்கும் சமயத்தில் உடல் மிருதுவாயிருப்பதால், உயிருள்ள இரையே அதற்குச் சத்துருவாகிவிடும். முட்டையிடாது குட்டி ஈனும் தாய், வெண்ணிறக் குஞ்சுகளை முதல் தோலுரிப்பு வரையில் முதுகில் சுமக்கும். அக்காலத்தில் தொட்டியை அசைத்தால் அவற்றைத் தானே தின்றுவிடுவதும் உண்டு.