ராபர்ட்ஸ் எந்தப் பக்கம்?

தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. நாலாவது அத்தியாயம் வெளிவருவதற்குள் வாசகர்கள் இருபதாவது அத்தியாயத்தைச் சொல்லிவிடுவார்கள். கதாநாயகி யாரைக் கல்யாணம் செய்துகொள்வாள், மாமனார் எப்போது மனம் மாறுவார் என்றெல்லாம் கடிதம் வரும். பல சமயங்களில் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். நல்லவன் நல்லவனாகவும் கெட்டவன் கெட்டவனாகவும் இருக்கிற வரையில் ஆரூடம் சொல்வது ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் எதிலும் அழுத்தமாகப் பேசாமல், இரண்டு பக்கத்திலும் ஒட்டாமல், நடுவில் ஒருத்தன் நடமாடுவானே, அவன் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாந்துபோவார்கள். ஏமாந்த பிறகு, "இவன் இப்படிச் செய்யக்கூடியவனே அல்ல, யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும்" என்று கோபித்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் இந்த ஆரூடக் கலையைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளிடமே பிரயோகித்துப் பார்க்கிறார்கள். அங்கே ஒன்பது நீதிபதிகள். பெரிய வழக்குகளை ஒன்பது பேரும் சேர்ந்து கேட்பார்கள். பிறகு ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுப் போடுவார்கள். குமாஸ்தாவுக்குக்கூட அங்கே அனுமதி கிடையாது. யாராவது கதவைத் தட்டினால், கடைசியாக நியமனம் பெற்ற நீதிபதி எழுந்துபோய்த் திறக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். ஐந்து ஓட்டு எந்தப் பக்கமோ அதுவே தேசத்தின் சட்டம். ஆகையால் வக்கீல்களும், புரொபஸர்களும், பத்திரிகை நிருபர்களும், ஜனாதிபதிகளும்கூட விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

அப்படி எண்ணியவர்கள் எல்லோரும் ஒரே மனிதரிடம் வந்து தடுமாறிய கதை ஒன்று உண்டு. 1937-ம் வருஷத்துக் கதை.

1929-ல் அமெரிக்காவில் வியாபாரம் படுத்துவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 1933-ல் பதவிக்கு வந்த ரூஸ்வெல்ட், நிவாரணத்துக்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் கொண்டுவந்தார். அந்தச் சட்டங்கள் எல்லாம் கடைசியில் ஒன்பது நீதிபதிகளின் வாசலில் போய் நின்றன.

அந்த ஒன்பது பேரில் வான் டெவாண்டர், மக்ரெனால்ட்ஸ், சதர்லண்ட், பட்லர் என்ற நால்வரும் ஒரு கட்டு. வேலை கொடுப்பவனும் வேலை செய்பவனும் தங்கள் இஷ்டப்படி ஒப்பந்தம் செய்துகொள்வார்கள்; அதில் சர்க்காருக்கு என்ன வேலை என்பது அவர்கள் கொள்கை. பைபிளில் உலகத்துக்கு நாசம் கொண்டுவரும் குதிரை வீரர்கள் நால்வர் வருகிறார்கள் அல்லவா? பத்திரிகைக்காரர்கள் இவர்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். பிராண்டைஸ், கார்டோஸோ, ஸ்டோன் மூவரும் எதிர்க்கட்டு. இவர்களுக்கு டூமாஸின் நாவலில் வரும் மூன்று மஸ்கட்டீர்களின் பெயர். இந்த ஏழு பேர் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்பதைத் தெருவில் பத்திரிகை விற்கும் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

மிச்சம் இரண்டு பேர். பிரதம நீதிபதி ஹ்யூஸ் ஒருவர். வெள்ளைத் தாடியும் கம்பீரமுமாக, பார்த்தாலே நீதிதேவதையின் அண்ணன் மாதிரி இருப்பார். மற்றவர் ஓவன் ராபர்ட்ஸ். பிலடெல்பியா வக்கீல், 1930-ல் நியமனமானவர். நால்வர் கட்டு ஜெயிக்க இவர் ஒருவர் போதும். மூவர் கட்டு ஜெயிக்க ஹ்யூஸும் வேண்டும், இவரும் வேண்டும். எப்படிக் கூட்டினாலும் ராபர்ட்ஸ் இல்லாமல் கணக்கு முடியாது.

அந்த ராபர்ட்ஸை எப்படிப் படிப்பது? 1934-ல் நியூயார்க் ராஜ்யத்தில் பால் விலையை ஒரு குவார்ட்டுக்கு 9 சென்ட் என்று நிர்ணயித்திருந்தார்கள். நெப்பியா என்ற மளிகைக்கடைக்காரர் இரண்டு குவார்ட் பாலையும் ஐந்து சென்ட் ரொட்டி ஒன்றையும் சேர்த்துப் 18 சென்டுக்கு விற்று அகப்பட்டுக்கொண்டார். விலை நிர்ணயிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்று ஐந்துக்கு நாலு ஓட்டில் தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதியவர் ராபர்ட்ஸ். "ஆஹா, நம்முடைய ஆள்!" என்று ரூஸ்வெல்ட் கட்சியினர் மகிழ்ந்தார்கள்.

1935 பிப்ரவரியில், கடனைத் தங்கமாகவே திருப்பித் தர வேண்டும் என்ற பழைய ஒப்பந்தங்கள் செல்லுமா என்ற வழக்கு வந்தது. ரூஸ்வெல்ட் தோற்றுவிடுவோமோ என்று பயந்து, கோர்ட்டை மறுத்து ரேடியோவில் பேசுவதற்குப் பிரசங்கமே தயார் செய்து வைத்துக்கொண்டார். அதிலும் ஐந்துக்கு நாலில் சர்க்கார் பக்கம் ஜெயம். பிரசங்கம் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. அதே வருஷம் மே மாதத்தில் ரயில்வே ஊழியர் பென்ஷன் சட்டத்தை ஐந்துக்கு நாலில் கவிழ்த்தவர் யார்? ராபர்ட்ஸ். 1936 ஜனவரியில் விவசாய நிவாரணச் சட்டத்தை ரத்து செய்து தீர்ப்பு எழுதியவர்? அவரேதான். அதே 1936 ஜூன் முதல் தேதி, பெண் தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த நியூயார்க் சட்டம் செல்லாது என்று ஐந்துக்கு நாலில் முடிவாயிற்று. ஐந்தாவது ஓட்டு ராபர்ட்ஸுடையது. இனி அவரைப் பற்றி ஆரூடம் சொல்ல ஒன்றுமில்லை, ஐந்தாவது குதிரை வீரர் ஆகிவிட்டார் என்றே எல்லோரும் தீர்மானித்தார்கள்.

இந்தச் சமயத்தில் எல்ஸி பாரிஷ் என்ற பெண்மணி கோர்ட்டுப் படி ஏறினாள். மேற்குக் கடற்கரையில் உள்ள வாஷிங்டன் ராஜ்யத்தில், வெனாச்சி என்ற சிற்றூர் ஹோட்டலில் அறைகளைப் பெருக்கிப் படுக்கை விரிக்கும் வேலை அவளுக்கு. அந்த ராஜ்யத்துச் சட்டப்படி பெண்களுக்கு வாரம் 48 மணி நேர வேலைக்கு 14 டாலர் 50 சென்ட் கொடுக்க வேண்டும். ஹோட்டல்காரர்கள் குறைத்துக் கொடுத்தார்கள். பாக்கி 216 டாலர் 19 சென்டுக்காக அவள் வழக்குப் போட்டாள். ராஜ்யத்தின் உயர் கோர்ட்டில் ஜெயித்தாள். ஹோட்டல் அப்பீல் செய்தது. நியூயார்க் சட்டத்துக்கு நேர்ந்த கதி தெரிந்தவர்கள், "பாவம், இவள் பணம் போனதுதான்" என்றார்கள்.

1936 நவம்பரில் பொதுத்தேர்தல் வந்தது. 48 ராஜ்யங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தன. அந்தத் தெம்பில், 1937 பிப்ரவரி 5-ந் தேதி, அவர் ஒரு குண்டைப் போட்டார். 70 வயதாகியும் விலகாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஈடாகப் புதிதாக ஒரு நீதிபதியை நியமிக்கலாம். அப்படி ஆறு பேர் வரையில் சேர்க்கலாம் என்று ஒரு மசோதா. கிழவர்களால் வேலைப் பளுவைத் தாங்க முடியவில்லையாம்! உள்ளர்த்தம் யாருக்குப் புரியாது? ஆரூடம் பலிக்காவிட்டால் ஜாதகத்தையே திருத்தி எழுதிவிடுவது என்று கிளம்பிவிட்டார். தேசமே இரண்டுபட்டது. அவருடைய கட்சிக்காரர்களே பலர் எதிர்த்தார்கள்.

அந்த அமளியின் நடுவில், மார்ச் 29-ந் தேதி, எல்ஸி பாரிஷ் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நாலு. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லும்! ஹோட்டல் வேலைக்காரி ஜெயித்தாள். ஐந்தாவது ஓட்டு ராபர்ட்ஸுடையது.

ஊர் சிரித்தது. காலத்தில் போட்ட ஒரு தையல் ஒன்பது தையலை மிச்சப்படுத்தும் என்று இங்கிலீஷில் ஒரு பழமொழி உண்டு. தையலுக்கும் கட்சி மாறுவதற்கும் அந்தப் பாஷையில் ஓர் எழுத்து முன்பின்னாக ஒரே ஓசை. காலத்தில் கட்சி மாறியது ஒன்பது நீதிபதிகளைக் காப்பாற்றிவிட்டது என்று யாரோ விகடமாகச் சொல்ல, அது இன்றுவரை பாடப் புத்தகங்களில் இருந்துவருகிறது. ஹார்வர்டில் சட்ட புரொபஸராக இருந்த பெலிக்ஸ் பிராங்பர்ட்டர், கோர்ட்டு அரசியல் செய்கிறது என்பதற்கு ராபர்ட்ஸ் மாறியதே போதிய சாட்சி என்ற கருத்தில் மறுநாளே ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். மசோதா அந்த ஜூலையில் செனட் சபையில் மூழ்கிப்போயிற்று. ராபர்ட்ஸ் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவர் வாயைத் திறக்கவில்லை. 1945-ல் பதவியிலிருந்து விலகினார். தம்முடைய கோர்ட்டுக் காகிதங்களை எல்லாம் எரித்துவிட்டார்.

இதற்குள் பிராங்பர்ட்டரும் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகி, ராபர்ட்ஸோடு ஒரே மேடையில் சில வருஷம் உட்கார்ந்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்த மனிதரைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது. உண்மையில் நடந்தது என்ன என்று எழுதித் தரும்படி அவர் கேட்டுக்கொண்டார். ராபர்ட்ஸ் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். 1955-ல் ராபர்ட்ஸ் காலமான பிறகு, பிராங்பர்ட்டர் அதைப் பிரசுரம் செய்தார்.

விஷயம் இதுதான்: எல்ஸி பாரிஷ் வழக்கில் நீதிபதிகள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுப் போட்ட தேதி 1936 டிசம்பர் 19. ரூஸ்வெல்ட்டின் மசோதா வெளிவருவதற்கு ஏழு வாரம் முன்னால்! மசோதாவோ மந்திரிகளுக்கே அன்று காலையில்தான் தெரியும் என்னும்படி ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. டிசம்பரில் ஸ்டோன் படுக்கையில் இருந்தார். அதனால் ஓட்டு நாலுக்கு நாலாக நின்றது. முழுத் தீர்ப்பாக வரட்டும் என்று ஸ்டோன் குணமாகி வரும்வரை காத்திருந்தார்கள். அவர் வந்து ஓட்டுப் போட்டது பிப்ரவரி 6-ந் தேதி. தீர்ப்பு எழுதி வெளியிட மார்ச் ஆகிவிட்டது.

அப்படியானால் 1936 ஜூனில் ஏன் எதிராக ஓட்டுப் போட்டார்? குறைந்தபட்சக் கூலி கூடாது என்று 1923-ல் ஒரு பழைய தீர்ப்பு இருந்தது. நியூயார்க் வக்கீல்கள் அந்தத் தீர்ப்பை மாற்றும்படி கேட்கவில்லை. எங்கள் சட்டம் வேறு மாதிரி என்று மட்டும் வாதித்தார்கள். வித்தியாசம் ஒன்றும் இல்லையே என்று தமக்குப் பட்டதாக ராபர்ட்ஸ் சொல்கிறார். பழைய தீர்ப்பையே நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட வழக்கு வந்தபோது அதைத் தள்ளிவிடத் தயாராக இருந்தாராம். வக்கீல் மூளை! நமக்கு மயிர்பிளக்கும் வாதமாகத் தோன்றும். ஆனால் அந்த மயிரிழையில்தான் அந்த மனிதர் வாழ்நாள் எல்லாம் நடந்திருக்கிறார்.

சந்தேகப் பிராணிகள் விடவில்லை. மசோதா பின்னால் வந்தது சரி, தேர்தல் முன்னால் வந்துவிட்டதே என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தேர்தலுக்கு முன்பே, அக்டோபரில், இந்த வழக்கை விசாரணைக்கு எடுப்பதா என்று பேசியபோதே ராபர்ட்ஸ் எடுக்கலாம் என்றாராம். "ராபர்ட்ஸுக்கு என்ன வந்துவிட்டது?" என்று ஒரு நீதிபதி பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது காதில் விழுந்ததாகக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். ஆக, அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே அவர் புரியவில்லை.

இந்தக் காலத்தில் ஆரூடத்துக்கும் யந்திரம் வந்துவிட்டது. 2002-ல் தொடங்கிய ஒரு கோர்ட்டு வருஷத்தில் புரொபஸர்கள் சிலர் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் சட்ட நிபுணர்கள் 83 பேர். மற்றொரு பக்கம் கம்ப்யூட்டர் கணக்கு. வழக்கு எந்தப் பிராந்தியக் கோர்ட்டிலிருந்து வந்தது, எதைப் பற்றியது, வாதி யார், பிரதிவாதி யார் என்பது போன்ற ஆறே கேள்விகள்தான் அதற்குத் தெரியும். வக்கீலின் வாதத்தில் ஒரு வரிகூடப் படிக்காது. 68 வழக்குகளில் கம்ப்யூட்டர் நூற்றுக்கு 75 சரியாகச் சொல்லிற்று. நிபுணர்கள் நூற்றுக்கு 59. தனித்தனி நீதிபதிகளின் ஓட்டில் இரண்டு கட்சியும் ஏறக்குறைய சமம். நிபுணர்கள் சறுக்கியது நடுவில் இருந்த நீதிபதிகளிடம்.

கம்ப்யூட்டருக்கு ஏன் அவ்வளவு சறுக்கவில்லை? என் அபிப்பிராயம், அது யாருக்கும் உள்நோக்கம் கற்பிப்பதில்லை. முன்னால் என்ன செய்தார் என்று பார்க்கிறது. இனி என்ன செய்வார் என்று சொல்கிறது. தப்பினால் தப்பிற்று என்று நின்றுவிடுகிறது. மனிதர்களாகிய நாம் அப்படி நிற்பதில்லை. 2012-ல் ஒபாமாவின் வைத்திய இன்ஷூரன்ஸ் சட்டம் கோர்ட்டுக்கு வந்தது. கென்னடி என்ற நீதிபதியின் ஓட்டுத்தான் முடிவு செய்யும் என்று பலர் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எதிராகப் போனார். சட்டத்தைக் காப்பாற்றிய ஐந்தாவது ஓட்டு, யாரும் அதிகமாக எதிர்பாராத பிரதம நீதிபதியிடமிருந்து வந்தது. இரண்டு பெரிய டெலிவிஷன் ஸ்தாபனங்கள் அவசரப்பட்டுத் தீர்ப்பையே தலைகீழாக அறிவித்துவிட்டன. அந்தப் பிரதம நீதிபதியின் பெயரும் ராபர்ட்ஸ்! பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். பயந்துவிட்டார் என்ற பேச்சும் 75 வருஷத்துக்குப் பிறகு மறுபடி கிளம்பிற்று.

பழைய ராபர்ட்ஸின் மனத்தில் என்ன இருந்தது என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. மயிர்பிளக்கும் நியாயம் பாதி இருந்திருக்கும். ஜூன் தீர்ப்புக்குப் பிறகு ஊர் ஏசியது கொஞ்சம் உறைத்திருக்கும். எது எவ்வளவு என்று அவருக்கே நிறுத்துச் சொல்ல முடிந்திருக்குமோ என்னவோ. ஆனால் டிசம்பர் 19 என்ற ஒரு தேதி இருக்கிறது. பிப்ரவரியில் வந்த புலிக்கு டிசம்பரில் ஒருவர் பயந்தார் என்று சொல்லக்கூடாது. பதினெட்டு வருஷம் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் சொன்னவர்களில் ஒருவரே அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கி வைத்திருந்து அச்சில் ஏற்றினாரே, அதற்காகப் பிராங்பர்ட்டரை நான் மெச்சுகிறேன். அச்சில் ஏறியபோது அதைப் படித்துப் பார்க்க ராபர்ட்ஸ்தான் உயிரோடு இல்லை.