இது என்ன பருவம்?: ஜொகூர்த் தோட்டங்களின் இலையுதிர்வும் மூத்தோர் நினைவும்

முதுமையில் நினைவு தளர்கின்றதா என்று அறிய மருத்துவர்கள் கையாளும் வினாத்தொகுதிகளுள் உலகெங்கும் பரவிய ஒன்று, 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட சிறு தேர்வாகும். அதற்கு மதிப்பெண் முப்பது. ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றைக் கேட்கும் தொடக்கப் பகுதியிலேயே, இப்போது என்ன பருவம் என்னும் வினாவும் இடம்பெறுகின்றது. மரங்கள் பொன்னிறம் பூண்டு இலையுதிர்க்கும் நாட்டில், சாளரத்தின் வழியே பார்ப்பவர்க்கு விடை கண்முன்னே நிற்கும். நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே அமைந்த ஜொகூர் பாருவில் அவ்வினாவை ஒரு தமிழ் மூதாட்டியிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? மழைக்காலம் என்பாரா? மாசி மாதம் என்பாரா? மரம் இலை கொட்டும் காலம் என்பாரா? இம்மூன்றும் சரியான விடைகளாக இருக்கக்கூடும். ஆனால், கேட்பவர் கையிலுள்ள தாள் அவற்றை ஏற்குமா என்பதே ஐயம்.

மேலைநாட்டு மூத்தோர் இல்லங்களில் செப்டம்பர் பிறந்ததும் இலையுதிர்கால வினாவிடைகளும் சொல்விளையாட்டுகளும் தொடங்கிவிடும். மேப்பிள் இலை, பரங்கிக்காய், ஆப்பிள் அறுவடை என வினாக்கள் அமையும். அவர்கள் இளமையில் கண்டவற்றையே அவர்களிடம் கேட்பதால் அம்முறை பயன் தருகின்றது. அத்தாளை அப்படியே மொழிபெயர்த்து நம் மூத்தோர்முன் வைத்தால், அது நினைவைத் தூண்டும் பயிற்சியாகாது. பொது அறிவுத் தேர்வாகிவிடும். காணாத ஒன்றை எவ்வாறு நினைவுகூர்வது?

இனி நம் மரபு பருவத்தை எவ்வாறு பகுத்தது என்பதைக் காண்போம். தொல்காப்பிய மரபில் ஓராண்டு ஆறு பெரும்பொழுதுகளாகும். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பின்னர் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று அவை தொடரும். மழை, குளிர், பனி, வெயில் ஆகியவையே பெயர்களுக்கு அடிப்படை. இலை உதிர்வதைக் கொண்டு பெயர்பெற்ற பொழுது அவற்றுள் ஒன்றுமில்லை. இலையுதிர்காலம் என்பது மேலைநாட்டுப் பருவத்தைச் சுட்டப் பிற்காலத்தார் ஆக்கிக்கொண்ட தொடர். மாதக் கணக்கில் அதற்கு நேராக நிற்பது கூதிர். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் நனைந்த, நடுங்கும் உலகம் அக்கூதிருக்கு உரியது. ஜொகூரின் கீழைக் கரையிலுள்ள மெர்சிங்கிலும் உள்ளே தள்ளியுள்ள கோத்தா திங்கியிலும் வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். ஆகவே கூதிர் என்னும் சொல் கடல் கடந்து வந்தும் தன் பொருளை இழக்கவில்லை.

ஆயினும் ஜொகூர்த் தமிழர் உண்மையான இலையுதிர்வையும் கண்டவர்களே. அதனைக் காட்டியது பால்மரம். பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்ற இரப்பர் விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் அங்குத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். நெருக்கு நீரிணைக்கு இப்பால் ஜொகூரில் மிளகும் கம்பீரும் விளைந்த நிலங்களைக் காலப்போக்கில் இரப்பர் வென்றது. 1909இல் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை நிறைவுற்றபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழகச் சிற்றூர்களிலிருந்து ஆட்கள் வந்தனர். 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் புறப்பாட்டைத் தடை செய்யும் வரை அவ்வரவு நீடித்தது.

பெரும்பாலும் தைப்பூசத்தை அடுத்து, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பால்மரம் இலையை முற்றாக உதிர்க்கும். பச்சை மஞ்சளாகிச் செம்பழுப்பாகிக் கொட்டும். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் துளிர்க்கும். தளிர் முற்றும் வரை பால் வரத்துக் குறையும். வெட்டுவோர்க்கு அது வண்ணக் காட்சியன்று. வருவாய் சுருங்கும் காலம். மங்கில் பால் எவ்வளவு குறைந்தது, எந்த நிரை முதலில் துளிர்த்தது என்பன அவர்களுக்கு நாட்காட்டியாயின. பெரும்பொழுதுக் கணக்கில் இது மாசி, பங்குனி, அதாவது பின்பனி. மேலைநாட்டில் ஒரே பருவத்துக்குள் அடங்கும் குளிர்ந்த ஈரமும் இலையுதிர்வும் ஜொகூரில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கூதிரிலும் மற்றொன்று பின்பனியிலும் வருகின்றன. பள்ளி மாணவர்க்கு இதனினும் நல்ல பருவப் பாடம் கிடைப்பது அரிது என்பேன்.

மூளைக்குப் பயிற்சி அளித்தல் என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் யாப்பின் வகைகளை எண்ணுமிடத்தில் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு பிசியையும் முதுசொல்லையும் சேர்க்கின்றார். பிசி என்பதே விடுகதை. உவமையால் மறைத்துக் கூறுவதும், தோன்றுகின்ற ஒன்றைச் சொல்லி மறைந்திருப்பதைத் துணியச் செய்வதும் அதன் இரு வழிகள். தமிழகத்தின் தென்பகுதியில் அழிப்பாங்கதை என்றும் யாழ்ப்பாணத்தில் நொடி என்றும் அது வழங்குகின்றது. இலக்கண நூலொன்று விடுகதைக்கு இடமளித்திருப்பதை நம் ஆசிரியர்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை என்பது என் குறை.

உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் திண்ணைப் பள்ளி வழக்கமொன்றைக் குறிக்கின்றார். மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும்போது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் அதனை மறவாமல் வந்து சொல்லவேண்டும். இன்றைய நினைவகச் சோதனைகளிலும் சில சொற்களைக் கூறி, வேறு வேலை கொடுத்து, சற்று நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்கின்றனர். இரண்டும் ஒரே திறனைத்தான் நாடுகின்றன. அக்காலப் பிள்ளைக்கு இடைவெளி ஓர் இரவு. இக்கால முதியவர்க்கு ஐந்து நிமிடம்.

அத்திறனின் உச்சம் அவதானம். கேள்விகள் பல திசைகளிலிருந்து வர, மணியோசையை எண்ணிக்கொண்டும், முதுகில் விழும் பொருள்களைக் கணக்கிட்டுக்கொண்டும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பா பாடியும் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் விடுத்தல் அக்கலை. கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திச் சதாவதானி என்று போற்றப்பட்டார். அது அறிஞர் அவைக்கு உரியது. எழுத்தறியாத எளியோர்க்கு உரியவை விடுகதையும் பல்லாங்குழியும். லயத்து வீட்டு வாசலில் அமர்ந்து பால்மரக் கொட்டைகளைக் கொண்டு பல்லாங்குழி ஆடுவது சிறு செயலாகத் தோன்றலாம். எதிரியின் குழியில் எத்தனை, தன் கைக்காய்கள் எங்கே தீரும், நான்கு சேர்ந்து பசு ஆகும் குழி எது என்று கணக்கிடாமல் அதில் வெல்ல இயலாது. மலாய்க்காரரின் சொங்காக் அதன் உடன்பிறப்பு. அங்கே வரிசைக்கு ஏழு குழிகளோடு இருமுனையிலும் வீடு என்னும் பெருங்குழி உண்டு.

பலகை விளையாட்டின் பயனை அறிவியலும் ஆராய்ந்துள்ளது. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. வாசித்தல், பலகை விளையாட்டு, இசைக்கருவி மீட்டல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டோர்க்கு மறதிநோய் வரும் வாய்ப்புக் குறைவாக இருந்ததாக அது கூறிற்று. விளையாட்டு நோயைத் தடுத்ததா, நோயின் தொடக்கமே விளையாட்டைக் குறைத்ததா என்பதை இத்தகைய ஆய்வால் முற்றத் துணிய இயலாது. 2,800க்கும் மேற்பட்ட முதியோரைக் கொண்ட மற்றோர் ஆய்வில், எத்திறனில் பயிற்சி பெற்றனரோ அத்திறனே மேம்பட்டது. விடுகதை மறதிநோய்க்கு மருந்து என்று எவரேனும் விளம்பரம் செய்தால் நம்பவேண்டியதில்லை.

இழப்பு வேறிடத்தில் நேர்கின்றது. பழந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. 2006இல் இஸ்கந்தார் வட்டாரத் திட்டம் தொடங்கியபின் ஜொகூர் பாருவைச் சூழ்ந்த நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிலுக்கும் சென்றன. செம்பனை ஆண்டு முழுவதும் பசுமையாகவே நிற்கும். ஆகவே மக்கள் இடம்பெயர்ந்ததோடன்றி, அவர்களுடைய இலையுதிர்காலமும் கண்ணைவிட்டு மறைந்தது. அடுக்குமாடியில் வாழும் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளியின் நினைவில் மட்டுமே அது இப்போது நிகழ்கின்றது. விடுகதை போடுவதற்கு ஒருவர் போதும். அது உயிர்வாழக் கேட்பவர் ஒருவர் வேண்டும். பேரப்பிள்ளை கேளாவிடில் பாட்டி தமக்குத்தாமே விடுகதை போட்டுக்கொள்வதில்லை.

மலேசியா 1995இல் மூத்தோர்க்கான தேசியக் கொள்கையை வகுத்து 2011இல் புதுப்பித்தது. மூத்தோர் நடவடிக்கை மையங்களும் நடைபெறுகின்றன. அங்கே செல்லும் மாணவர்கள் எடுத்துச் செல்லத்தக்க வினாக்கள் இந்நிலத்திலேயே உள்ளன. பால்மரம் எந்தத் தமிழ் மாதத்தில் இலை கொட்டும்? கொட்டை வெடித்துச் சிதறுவது காலையிலா, வெயில் ஏறிய பின்னா? கூதிர் எம்மாதங்கள்? மங்கு, ஒட்டுப்பால், நிரை, பிரட்டு ஆகிய சொற்களைச் சொல்லி, ஒரு விளையாட்டு முடிந்தபின் அவற்றைத் திரும்பக் கேட்கலாம். விடைகளை ஒலிப்பதிவு செய்தால் மாநில வரலாற்றுக்கும் அவை பயன்படும். பயிற்சிக்காக யாமே ஒரு பிசி புனைந்தோம்: கன்று ஈனாமலே பால் தருவான், கத்தி பட்டால்தான் தருவான், மாசியில் மொட்டையடிப்பான், பங்குனியில் பட்டுடுத்துவான். இதன் விடையை மாணவர்கள் முதலில் சொல்லிவிடாமல், மூத்தோர் வாயிலாகவே கேட்டறிக.