கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு 'படம் பார்த்து கரண்ட்': 5 வாரம் ஒரு நாள்கூட விடக்கூடாது!

தாம்பரம்:
கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதுமே பாதி உயிர் போய்விடுகிறது. அடுத்து 'கரண்ட் வைக்கணும்' என்றால் மீதியும் போய்விடுகிறது. ஷாக் அடிக்குமா, உடம்பு கருகிடுமா என்ற பயத்திலேயே பலர் நாளைக் கடத்துகிறார்கள். உண்மையில் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே மாதிரி கண்ணுக்குத் தெரியாத கதிர்தான், ஆனால் பல மடங்கு வீரியமானது. படும்போது வலிக்காது.

இந்த கதிரை குறி தப்பாமல் பாய்ச்ச வந்திருப்பதுதான் ஐ.ஜி.ஆர்.டி. எனப்படும் 'படம் பார்த்து தரும் கதிர்வீச்சு'.

யாருக்கு தேவை?

2022-ம் ஆண்டு கணக்குப்படி இந்தியாவில் 1 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்கு புதிதாக இந்த நோய் வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தனர். எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி பல வருடம் உடம்பில் தங்குவதுதான் முக்கிய காரணம். ஆரம்ப நிலையில் ஆபரேஷனே போதும். கட்டி பெரிதாகிவிட்டாலோ, பக்கத்தில் பரவியிருந்தாலோ கதிர்வீச்சுதான் முக்கிய சிகிச்சை. கூடவே வாரம் ஒருமுறை 'சிஸ்பிளாட்டின்' என்ற மருந்தை டிரிப்சில் ஏற்றுவார்கள்.

கர்ப்பப்பை ஒரே இடத்தில் நிற்காது

கர்ப்பப்பைக்கு முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல். மூத்திரப்பை நிரம்பினால் கர்ப்பப்பை மேலே தள்ளப்படும். காலியானால் கீழே இறங்கும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. பழைய எக்ஸ்ரே படத்தில் எலும்புதான் தெரியும், கர்ப்பப்பை தெரியாது. அதனால் சுற்றிலும் அகலமாக இடம் விட்டு கதிர் கொடுத்தார்கள். குடலும் மூத்திரப்பையும் சேர்ந்து அடி வாங்கின.

இப்போது 'லீனியர் ஆக்சிலரேட்டர்' கருவியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. நோயாளி படுத்ததும் கருவி ஒரு சுற்று சுற்றி படம் எடுக்கும். முதல்நாள் திட்டமிட்ட சி.டி. ஸ்கேனுடன் அதை ஒப்பிட்டு, படுக்கையை மில்லி மீட்டர் கணக்கில் நகர்த்துவார்கள். அதன்பிறகுதான் கதிர். எல்லாம் சில நிமிட வேலை.

தண்ணி கணக்கு முக்கியம்

கருவி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் நோயாளி செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தினமும் மூத்திரம் போய்விட்டு, டாக்டர்கள் சொன்ன அளவு தண்ணி குடித்து, சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். மூத்திரப்பை தினமும் ஒரே அளவில் இருந்தால்தான் கர்ப்பப்பையும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். தாம்பரத்தில் வீட்டிலேயே தண்ணி குடித்துவிட்டு ரெயில் ஏறினால் கூட்டத்தில் அடக்க முடியாமல் அவதிதான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகு குடிப்பதே நல்லது. மலச்சிக்கல் இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மும்பையில் நிரூபணம்

மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள், ஆபரேஷனுக்கு பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்ட 300 பெண்களிடம் ஆய்வு நடத்தி 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய முறையில் 3 ஆண்டுகளில் 100-க்கு 42 பேருக்கு குடல் தொல்லை வந்தது. படம் பார்த்து, கதிரின் அளவையும் இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுத்த முறையில் அது 21 ஆக, பாதியாகக் குறைந்தது. ஆனால் நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் சமம்தான்.

உள்ளே வைக்கும் கதிர்

வெளியிலிருந்து தரும் கதிர் வாரம் 5 நாள் வீதம் சுமார் 5 வாரம். அத்தோடு முடிந்துவிடாது. மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயை கர்ப்பப்பைக்குள் வைத்து, 'இரிடியம்' கதிரை கட்டிக்கு பக்கத்திலேயே கொடுப்பார்கள். இதிலும் இப்போது சி.டி., எம்.ஆர்.ஐ. படம் பார்க்கிறார்கள். பயந்து இந்த கட்டத்தில் நின்றுவிட்டால் முன்பு எடுத்த சிகிச்சையும் வீணாகிவிடும்.

பேதி, மூத்திர எரிச்சல், அசதி வரலாம். மாதவிடாய் நின்றுவிடும். வெளிக்கதிர் எடுத்தவர் உடம்பில் கதிர் தங்காது. வீட்டுக்கு வந்து குழந்தையை தாராளமாக தூக்கலாம்.

எங்கே போவது?

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறி கிண்டியில் இறங்கினால் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய இங்கு 1957-லேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்குள்ள பெர்னார்டு கதிரியக்க பிரிவு 1934-ல் தொடங்கியது. முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்ட அட்டை இருப்பவர்கள் சேரும்போதே காப்பீட்டு கவுண்டரில் விசாரிக்க வேண்டும்.

ஐ.ஜி.ஆர்.டி. கிடைத்தால்தான் சேருவேன் என்று காத்திருப்பதும் ஆபத்து. மொத்த சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் இழுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். கல்யாணம், திருவிழா, வேலை என்று நடுவில் லீவு போடக்கூடாது.

உறவுக்கு பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 30 வயது தாண்டியவர்கள் தொந்தரவு இல்லாவிட்டாலும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக பரிசோதித்துக் கொள்ளலாம். முன்கூட்டியே கண்டுபிடித்தால் கரண்டே தேவைப்படாமல் போகலாம்.